படத்தில் விட்டுப்போன விசாரணை

எங்கள் சிமென்ட் ஆலையில் பர்சனல் டிபார்ட்மென்ட் என்று இருந்ததற்கு இப்போது ஹெச்.ஆர். என்று பெயர். அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று பிள்ளைகள் போன மாதம் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். "சார், அந்தச் சீட்டுக்கட்டுப் படம் நம்ம ஃபேக்டரியில நடந்த கதைன்னு சொல்றாங்களே, நெசமா?" என்று கேட்டார்கள். நான் அதுவரை படம் பார்க்கவில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதிவிடுகிறேன்.

பெரம்பலூரில் மதியக் காட்சிக்கு நானும் என் மனைவியும் போனோம். உண்மைச் சம்பவத்தைத் தழுவியது என்று ஆரம்பத்தில் போட்டார்கள். "ஒங்களத்தான் காட்டப் போறாங்க, நேரா உக்காருங்க" என்று என் மனைவி முழங்கையால் இடித்தாள். கதாநாயகன் இன்ஜினியரிங் படித்த பையன். கோவாவில் ஒரு கப்பலுக்குள் சீட்டு விளையாடும் விடுதி. மேசையில் விழுந்த சீட்டையெல்லாம் மனதில் எண்ணி வைத்து, சீட்டுக்கட்டில் மிச்சம் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்து ஜெயிக்கிறான். அப்போது அவன் தலையைச் சுற்றி நம்பர்கள் பறக்கின்றன. விடுதிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய் ஒரு போலீஸ் அதிகாரி முன்னால் நிறுத்துகிறார்கள். அவர் ஒரு சீட்டுக்கட்டையே சடசடவென்று காட்டிவிட்டு மூட, பையன் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒப்பிக்கிறான். அதிகாரிக்குப் பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு, சட்டையில் மையைக் கொட்டிக்கொண்டு ஒரு எழுத்தர். அதுதான் நான் என்று என் மனைவிக்கு ஒரே சந்தோஷம். நான் வெற்றிலை போட்டதே கிடையாது.

படம் எடுத்த தம்பி எங்கள் ஆலையில் ஒரு வருடம் பயிற்சிக்கு இருந்தவர். இரண்டு மணி நேரம் போனில் என்னிடம் கதை கேட்டார். நானும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. டீ கேனைத் தூக்கிக்கொண்டு போகிற நாற்பது வயது மனிதரைக் கதாநாயகனாக்க யார் பணம் போடுவார்கள்? ஆனால் கேட்கிற பிள்ளைகளுக்கு நடந்தது தெரிய வேண்டும்.

என்னைப் பற்றி அதிகம் இல்லை. சொந்த ஊர் கீழப்பழுவூர். டைப்ரைட்டிங் ஹையர் முடித்த தைரியத்தில் ஆலைக்குள் நுழைந்தேன். டைம் ஆபீஸில் நாலு வருடம் கார்டு பஞ்ச் பண்ணுகிறவர்களோடு சண்டை போட்டேன். பிறகு பர்சனலுக்கு மாற்றி, உள்விசாரணைகளில் பதிவு எழுதுகிற வேலையைக் கொடுத்தார்கள். தொழிலாளி மீது புகார் வந்தால் குற்றச்சாட்டுக் கடிதம் கொடுத்து, விசாரணை அதிகாரி இரண்டு பக்கத்தையும் கேட்பார். கேள்வி, பதில் எல்லாவற்றையும் நான் எழுத வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். எழுதுகிறவன் வாயைத் திறக்கக்கூடாது.

விசாரணை அதிகாரி நஜ்முதீன் சார். லெப்பைக்குடிக்காட்டுக்காரர். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சிவப்பு நோட்டு. அவர் யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் உள்ளே வந்தால், "உக்காருங்க, தண்ணி குடிங்க" என்பதுதான் முதல் வார்த்தை. அந்த ஆள் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை ஃபைலைத் திறக்க மாட்டார். சொன்னது சொன்னபடி எழுத வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதம். நான் ஆரம்பத்தில் பேச்சைச் செம்மைப்படுத்தி எழுதுவேன். "கலியமூர்த்தி, அவரு 'தெரியாதுங்க'ன்னு சொன்னாரு. நீங்க 'அறியேன்'னு எழுதியிருக்கீங்க. அவரு எப்ப அறியேன்னாரு?" என்று பேனாவை என் பக்கம் தள்ளுவார். அந்த மனிதரிடம் வேலை பார்த்ததை என் வாழ்க்கையில் கிடைத்த கொடுப்பினை என்றுதான் சொல்வேன். அப்போது எரிச்சலாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

இனி செல்லமுத்து. விக்கிரமங்கலம் பக்கம். அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். கேண்டீனில் பதினோரு வருடம் காண்ட்ராக்டில் கிடந்து, விசாரணைக்கு எட்டு மாதம் முன்னால்தான் பெர்மனென்ட் ஆகியிருந்தார். அவர் தெருவில் கம்பெனி அடையாள அட்டை வாங்கிய முதல் ஆள் அவர்தான். காலையும் மாலையும் கேனைத் தூக்கிக்கொண்டு மில் பக்கத்திலிருந்து ஆபீஸ் வரை வருவார். எண்பது பேர் இருப்போம். யாருக்குச் சர்க்கரை வேண்டாம், யாருக்கு அரை கிளாஸ், யார் நேற்று வயிறு சரியில்லை என்றார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். யாரிடமும் கேட்டு ஊற்றி நான் பார்த்ததில்லை.

ஆலைக்குள் மனமகிழ் மன்றம் ஒன்று உண்டு. கேரம், ரம்மி. காசு வைத்து ஆடக்கூடாது என்று போர்டு தொங்கும். ஆண்டுவிழாவில் ரம்மிப் போட்டிக்குப் பரிசு பிரஷர் குக்கர். ஒருமுறை ஆள் குறைந்ததால், டீ கொடுக்க வந்த செல்லமுத்துவை உட்கார வைத்தார்கள். அந்த வருடம் குக்கர் அவருக்குப் போனது. அடுத்த வருடமும் அவருக்கே. மூன்றாவது வருடம் இறுதி ஆட்டத்தில் அவரிடம் தோற்றவர் மன்றச் செயலாளர் தனகோபால். மில்லில் ஃபோர்மேன், அதிர்ந்து பேசும் ஆள். மறுநாள் காலை அவரிடமிருந்து புகார் வந்துவிட்டது. செல்லமுத்து சீட்டுகளின் முதுகில் அடையாளம் வைத்து ஏமாற்றி ஜெயித்தார், சாட்சியாக டீக்கறை பட்ட ஏழு சீட்டுகள் இணைக்கப்பட்டுள்ளன என்று எழுதியிருந்தார். ஆலை வளாகத்துக்குள் மோசடி என்றால் எங்கள் ஆலை விதிகளான நிலையாணைப்படி வேலையை விட்டே நீக்கலாம். செல்லமுத்துவைத் தற்காலிக வேலைநீக்கம் செய்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதில் வேடிக்கை, நஜ்முதீன் சார் வாழ்க்கையில் சீட்டைத் தொட்டதில்லை. அவருக்கு அது ஹராம். விசாரணை முழுக்கத் தொடவும் இல்லை. "எனக்கு இந்த வெளையாட்டு புடிக்காது. ஆனா வெளையாட்டு தப்பான்னு நான் விசாரிக்கல. இவரு ஏமாத்துனாரான்னுதான் விசாரிக்கிறேன்" என்று முதல் பக்கத்திலேயே என்னை எழுதச் சொன்னார். பிறகு தனகோபாலிடம் ரம்மி எப்படி ஆடுவது என்று முக்கால் மணி நேரம் கேட்டார். மூன்று பக்கம் வந்தது. ரம்மி ஆடும் முறையைக் கேள்வி பதிலாக எழுதி ஃபோர்மேனிடம் கையெழுத்து வாங்கிய ஆலை உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

கறை பட்ட ஏழு சீட்டையும் நான் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். "இது கிளாவர் ரெண்டு. இது கையில வந்தா லாபமா?" என்று கேட்டார். "இல்ல சார், சில்லறைச் சீட்டு" என்றார் தனகோபால். ஏழில் ஐந்து சில்லறை. "லாபமில்லாத சீட்டுல எதுக்குங்க ஒருத்தரு அடையாளம் வைக்கணும்?" தனகோபாலுக்குக் கோபம் வந்தது. "சார், எந்தச் சீட்டு எங்க போச்சு, யாரு கையில என்ன இருக்குன்னு அவன் சொல்றான். பி.எஸ்சி. படிச்ச எங்களுக்கே முடியல. டீ ஊத்துறவனுக்கு ஏது சார் அவ்வளவு மூளை?" என்றார்.

என் பேனா நின்றது. நஜ்முதீன் சார் என்னைப் பார்த்தார். "எழுதுங்க." எழுதினேன். தனகோபால் உடனே குரலை இறக்கி, அதை எடுத்துவிடுங்கள் என்றார். "பதிவானது பதிவானதுதான். கீழ கையெழுத்துப் போடுங்க" என்றார் சார். தனகோபால் போட்டார். எதிரே உட்கார்ந்திருந்த செல்லமுத்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. மன்றத்தில் இதே பேச்சு வந்தபோது நானும் சிரித்தவன்தான்.

"நீங்க எப்படி ஜெயிச்சீங்க?" என்று செல்லமுத்துவிடம் கேட்டார். "போனது எது, வந்தது எதுன்னு நெனப்புல இருக்குங்க சார். அதான்." அப்படியானால் சோதித்துவிடலாம் என்று சார் முடிவு செய்தார். இரண்டு தரப்பாரும் சம்மதித்துக் கையெழுத்திட்டார்கள். அரியலூர் கடைத்தெருவில் நானே போய் பிரிக்காத கட்டு இரண்டு வாங்கி வந்தேன். உறை பிரிக்கப்படவில்லை என்று எல்லோரிடமும் காட்டிப் பதிவு செய்தோம். யாரும் சைகை காட்டக்கூடாது என்பதற்காக எல்லோரையும் சுவரோரமாகத் தள்ளி உட்கார வைத்தார் சார். மேசையில் நானும் செல்லமுத்துவும் மட்டும். நான் குலுக்கி, இருபது சீட்டை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டிவிட்டு மூடினேன்.

படத்தில் பையன் ஒப்பித்தான் அல்லவா? செல்லமுத்து ஒப்பிக்கவில்லை. முதல் மூன்று சரியாக வந்தது. நான்காவதில் தடுமாறினார். இஸ்பேட் ஒன்பது என்றார், அது வரவே இல்லை. கடைசியில் இருபதுக்கு ஏழுதான் சரி. "போதுமா சார்?" என்றார் தனகோபால். இருபதுக்கு ஏழு என்று நான் எழுதினேன். கேண்டீனில் நின்று கையால் சைகை செய்து "எத்தன சுகர்?" என்று கேட்கும், செல்லமுத்துவுக்குப் பதிலாகப் போட்டிருந்த மாற்று ஆள் என் கண் முன்னால் வந்தார். இனி அவர்தான் நிரந்தரம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள். நான் கை கழுவப் போனபோது வராந்தாவில் செல்லமுத்து தனியாக நின்றுகொண்டிருந்தார். அவரோடு பேசக்கூடாது என்பது எனக்கு மனப்பாடம். இருந்தும் வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன செல்லமுத்து இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றேன்.

"நீங்க மட்டும் காட்டிட்டே போனா எனக்குத் தெரியலைங்க சார். ஆளு இல்லாம வெறுஞ்சீட்டு நெனப்புல நிக்க மாட்டேங்குது. யாரு போட்டா, எடுக்கப்போறப்ப யாரு மொகம் எப்படிப் போச்சு, அதோடதான் சீட்டு வருது. உங்க டீய நெனப்புல எப்படி வச்சிருக்கேன்? கலியமூர்த்தி சாரு, பச்ச சட்ட, சூடு ஆறக்கூடாது. அப்படித்தான் சார்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சோதனை சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஆட்களை விலக்கி உட்கார வைத்தோம். அவருக்கு ஆட்கள் இல்லாமல் எதுவும் இல்லை. அவர் சீட்டை எண்ணவே இல்லை, எண்பது பேருக்கு டீ ஊற்றுவதைப் போல நாலு பேரைக் கவனித்துக்கொண்டிருந்தார். அந்த நியாயமான மனிதரும் நானும் சேர்ந்து அவருடைய வேலையைப் பறிக்கப் போகிறோம்.

இடைவேளை முடிந்து எல்லோரும் உட்கார்ந்ததும் நான் எழுந்து நின்றேன். வராந்தாவில் பேசியதையும் அவர் சொன்னதையும் சொன்னேன். தனகோபால் கத்தினார். நஜ்முதீன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பதிவு எழுதுறவரு பேசக்கூடாதுன்னு ஒங்களுக்குத் தெரியும்ல?" "தெரியும் சார்." "அப்ப அதையும் எழுதுங்க. பதிவாளர் விதியை மீறிப் பேசினார், இன்னது சொன்னார்னு எழுதி, நீங்களே கையெழுத்துப் போடுங்க." எழுதினேன். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். சார் தனகோபால் பக்கம் திரும்பினார். "இவரு பேசுனது தப்பு. பேசுன விஷயம் தப்பான்னு பாத்துரலாம். நீங்களே வந்து ஆடுங்க. ஒங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" தன்னையே ஆடச் சொன்னால் ஆட்சேபணை சொல்ல அவருக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

நாலு பேர் வட்டமாக உட்கார்ந்தார்கள். தனகோபால், அவருடைய இரண்டு சாட்சிகள், செல்லமுத்து. நான் இரண்டு கட்டையும் சேர்த்துக் குலுக்கிப் பதின்மூன்று பதின்மூன்றாகப் போட்டேன். யார் எதைக் கீழே இறக்கினாலும் வரிசையாக எழுதிக்கொண்டேன். ஆறு சுற்று முடிந்ததும் சார் நிறுத்தச் சொன்னார். கீழே கிடந்த சீட்டுகளை மூடினேன். "சொல்லுங்க செல்லமுத்து."

அவர் சீட்டைப் பார்க்கவில்லை. தனகோபாலின் முகத்தைப் பார்த்து ஆரம்பித்தார். "சாரு மொதல்ல டைமன் எட்டு போட்டாங்க, யோசிக்கல, டக்குனு போட்டாங்க. அடுத்து இவரு கிளாவர் ராஜா. அதப் போட மனசில்லாம போட்டாரு. அத இந்த அண்ணன் எடுத்துக்கிட்டாரு. எடுத்துட்டு ஆர்ட்டின் மூணு போட்டாரு. அப்புறம் நான் இஸ்பேட் நாலு..." நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. நான் விரலை வைத்து என் பட்டியலில் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். இருபத்து நாலு இறக்கம். இருபத்து மூன்றில் பிசகில்லை. ஒன்று என் பட்டியலில் வேறாக இருந்தது. சீட்டைத் திருப்பிப் பார்த்தோம். நான்தான் தப்பாக எழுதியிருந்தேன்.

"இன்னொண்ணு சார்" என்றார் செல்லமுத்து மெதுவாக. "தனகோபால் சாரு கையில ஆர்ட்டின் ராணி இருக்கு. பக்கத்து சீட்டுக ரெண்டும் கீழ போனப்ப அவங்க மொகம் வாடிடுச்சு. இருந்தும் விட மனசு வராம வச்சிருக்காங்க." சார் தனகோபாலைப் பார்த்தார். தனகோபால் கையை விரித்து மேசையில் வைத்தார். ராணி இருந்தாள். அவருடைய சாட்சிகளில் ஒருவர் சிரித்தேவிட்டார். தனகோபால் மட்டும் சிரிக்காமல், "இவருக்கு ஏது மூளைன்னு நான் கேட்டது தப்பு சார். அதையும் எழுதிக்கச் சொல்லுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரையும் நான் மரியாதையோடுதான் நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் முடிவு தயாரானது. நானே தமிழில் டைப் அடித்தேன். செல்லமுத்துவை வரவழைத்து, தண்ணீர் கொடுத்து, வாசித்துக் காட்டினோம். "குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளலாம்." வழக்கமாக எழுதுகிற வாக்கியம்தான். கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"சார், தப்பா நெனக்காதீங்க. நிரூபிக்கலைன்னா என்ன சார் அர்த்தம்? ஏமாத்துனான், ஆனா புடிக்க முடியலைன்னா?"

"வேல திரும்பக் கெடைச்சிருச்சு செல்லமுத்து, போடுங்க" என்றேன் நான் அவசரமாக.

"வேல கெடைச்சது பெரிய விஷயம்ங்க சார், சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா எங்க தெருவுல திருட்டுப் பயன்னு பேராயிடுச்சு. எம் பொண்ணு பள்ளிக்கூடம் போவ மாட்டேங்குது. இந்தக் காயிதத்தக் காட்டுனா அது என்னன்னு படிக்கும்?"

நஜ்முதீன் சார் தாளுக்காகக் கை நீட்டினார். அவருடைய முடிவுகளை மேனேஜரே மாற்றச் சொன்னாலும் மாற்ற மாட்டார் என்று பேர். அந்தத் தாளை வாங்கி இரண்டாகக் கிழித்தார். "புதுத் தாள் போடுங்க கலியமூர்த்தி" என்று சொல்லி, எழுந்து வந்து என் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார்: "செல்லமுத்து ஏமாற்றவில்லை. அவர் நேர்மையாக ஆடி ஜெயித்தார்." அந்த விளையாட்டையே விலக்கி வைத்திருந்தவர் தன் வாயால் அதைச் சொல்லி, அடியில் கையெழுத்தும் போட்டார். செல்லமுத்து ஐந்தாவது வரை படித்தவர். ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து, உதடு அசைய வாசித்து முடித்துவிட்டுத்தான் பேனாவை வாங்கினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் பேசியதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதையும் சார் என்னையே டைப் அடிக்கச் சொன்னார். கொடுக்கும்போது, "ஒழுங்குக்காகக் குடுக்குறேன். பேசுனதுக்கு நன்றி" என்றார். முப்பத்து நாலு வருடத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அந்த எச்சரிக்கைக்குத்தான் முதலிடம். சார் இப்போது இல்லை. இருந்திருந்தால் படம் பார்த்திருக்கவும் மாட்டார்.

படம் பார்த்த மறுநாள் செல்லமுத்துவுக்குப் போன் செய்தேன். ஓய்வுபெற்று ஊரோடு இருக்கிறார். ஆசிரியையாக இருக்கிற அவர் மகள்தான் பஸ்ஸில் பெரம்பலூர் கூட்டிக்கொண்டு போய்ப் படம் காட்டியிருக்கிறாள். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் சார் எடுத்திருக்காரு தம்பி. கப்பலு, கலரு லைட்டு, எல்லாம் நல்லா இருக்கு. கடைசியில பெட்டி நெறயப் பணத்தோட தப்பிச்சுப் போறான்ல அந்தப் பையன்?"

"ஆமா."

"அவன் ஏமாத்தலைன்னு கடைசி வரைக்கும் ஒருத்தரும் சொல்லலியே சார். பாவம் சார் அவன்."